ஊரும் சாதியும் கடந்த உறவு: தமிழவேள் கோ.சாரங்கபாணியின் வாழ்க்கை

நூறு ஆண்டுகளுக்கு முன்பு சிங்கப்பூரில் தமிழர் இருவர் முதன்முறையாகச் சந்தித்தால் பேச்சு பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் தொடங்கும். எந்த ஊர் என்று ஒருவர் கேட்பார். ஊரைச் சொன்னதும் எந்தத் தெரு என்ற கேள்வி வரும். தெருவைக் கேட்பது சாதியைத் தெரிந்துகொள்ளும் நாசூக்கான வழி. பதில் பொருந்தினால் தங்க இடமும் சாப்பாடும் வேலையும் கிடைக்கும். பொருந்தாவிட்டால் பேச்சு அத்துடன் முடிந்துவிடும்.

அந்தக் கேள்விக்கு ஒரு பதிலைச் சொல்லிவிட்டு, கிடைத்த வேலையோடும் கிடைத்த வட்டத்தோடும் நிம்மதியாக வாழ்ந்துவிட்டுப் போயிருக்கக்கூடிய இளைஞர்கள் பல்லாயிரம் பேர். அவர்களில் ஒருவராக இங்கு வந்து இறங்கியவர்தான் பின்னாளில் தமிழவேள் என்று சமூகம் போற்றிய கோ.சாரங்கபாணி. தமிழ் முரசு நாளிதழின் நிறுவனர், தமிழர் திருநாளைத் தொடங்கி வைத்தவர், பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் கேட்டுப் போராடியவர் என்று அவரைப் பலரும் அறிவர். அந்தச் சாதனைகளுக்கு அடியில் ஓடிய இன்னொரு கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பிறப்பு கொடுத்த உறவுகளுக்குள் அடங்கி வாழ மறுத்த ஒரு மனிதர், தமக்கென வேறு வகை உறவுகளை எப்படித் தேடிக்கொண்டார், அதற்கு என்ன விலை கொடுத்தார் என்பதே அந்தக் கதை.

திருவாரூரிலிருந்து

சாரங்கபாணி 1903ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் தமிழ்நாட்டின் திருவாரூரில் பிறந்தார். பெரிய கோவிலும் ஆழித்தேரும் பேர்பெற்ற ஊர். நஞ்சை நிலமும் நெல்லும் நிறைந்த அன்றைய தஞ்சை மாவட்டத்தில் நிலம் யாருடையது, உழுபவர் யார், எந்தத் தெருவில் யார் நடக்கலாம் என்பதெல்லாம் பிறப்பிலேயே முடிவாகிவிட்டிருந்தன. அக்கிரகாரம் ஒரு பக்கம், குடியானவர் தெரு ஒரு பக்கம், சேரி ஊருக்கு வெளியே. ஒவ்வொருவருக்கும் தம் இடம் தெரியும். அந்த இடத்தை விட்டு நகர்ந்தால் அது குற்றம்.

தமிழும் ஆங்கிலமும் கற்ற சாரங்கபாணி 1924ஆம் ஆண்டு, 21 வயதில், கப்பலேறிச் சிங்கப்பூர் வந்தார். ஒரு வணிக நிறுவனத்தில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. அதே 1924ஆம் ஆண்டில்தான் திருவாங்கூர் சமஸ்தானத்தின் வைக்கத்தில், கோவிலைச் சுற்றியுள்ள சாலைகளில் எல்லாச் சாதியினரும் நடக்கும் உரிமை கேட்டுப் போராட்டம் நடந்தது. அதில் பங்கேற்றுச் சிறை சென்றவர் ஈ.வெ.ராமசாமி, பின்னாளில் பெரியார் என அறியப்பட்டவர். மறு ஆண்டு அவருடைய குடி அரசு வார இதழ் வெளிவரத் தொடங்கியது. கடல் கடந்து வந்த அந்த இதழைப் படித்து மனம் மாறிய சிங்கப்பூர் இளைஞர்களில் சாரங்கபாணியும் ஒருவர்.

இதமும் எல்லையும்

அன்றைய சிங்கப்பூரில் இந்தியர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 50,000. அவர்களில் பெரும்பாலோர் தமிழர். அவர்களிலும் பெரும்பாலோர் மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு வந்த ஆண்கள். சில ஆண்டுகள் உழைத்துச் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புவதுதான் அவர்களுடைய கணக்கு.

ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு தனி உலகம் இருந்தது. மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் நகரத்தார் வட்டித் தொழில் நடத்தினர். தஞ்சோங் பகாரில் துறைமுகத் தொழிலாளர்கள் இருந்தனர். சிராங்கூன் சாலையில் மாட்டுத் தொழுவங்களும் மளிகைக் கடைகளும் நகராண்மைக் கழகத் தொழிலாளர் குடியிருப்புகளும் இருந்தன. வடக்கே செம்பவாங்கில் கடற்படைத் தளம் எழுந்தபோது அங்கும் தமிழர்கள் குடியேறினர். ஒரே ஊர்க்காரர்கள், ஒரே சாதிக்காரர்கள் ஒரே வீட்டில் தங்கி, ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே முதலாளியிடம் வேலை பார்த்தனர்.

இந்த ஏற்பாட்டைக் குறைத்து மதிப்பிட முடியாது. மொழி தெரியாத நாட்டில் இறங்கியவனுக்கு முதல் வேளைச் சோறு போட்டது ஊர்க்காரன்தான். காய்ச்சலில் கிடந்தவனுக்குக் கஞ்சி காய்ச்சியதும், செத்தவனின் செய்தியைக் கடிதம் எழுதி ஊருக்கு அனுப்பியதும் அதே வட்டம்தான். ஆனால் அந்தப் பாசத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது. வட்டத்தின் வழக்கத்தை மீறாதவரைதான் அது செல்லுபடியாகும். வேறு சாதிக்காரன் வீட்டில் சாப்பிட்டாலோ, சடங்கைக் கேள்வி கேட்டாலோ, வேறு இடத்தில் பெண் பார்த்தாலோ அதுவரை அண்ணே, தம்பி என்று அழைத்தவர்கள் முகம் திருப்பிக்கொள்வார்கள். பல ஆண்டுகள் பக்கத்துப் பாயில் படுத்துறங்கியவரின் மனத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமலே ஒருவர் ஊர் திரும்பிவிட முடியும்.

தாழ்த்தப்பட்டோர் நிலை இன்னும் மோசம். கடல் தாண்டினால் தீட்டு என்று சாத்திரம் பேசியவர்களும் கடலைத் தாண்டி வந்தனர். ஆனால் தீண்டாமையை மட்டும் கரையில் விட்டுவிட்டு வரவில்லை. கோவிலுக்குள் நுழையத் தடை, சாப்பாட்டுக் கடையில் தனி இடம் என ஊர் வழக்கங்கள் இங்கும் தொடர்ந்தன.

எழுத்தே கூட்டாளி

1929ஆம் ஆண்டு சிங்கப்பூரில் முன்னேற்றம் என்ற வார இதழ் தொடங்கியது. சுயமரியாதைக் கருத்துகளைப் பேசிய அந்த இதழின் ஆசிரியர் பொறுப்பைச் சாரங்கபாணி ஏற்றார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்தைத்தான் தாண்டியிருந்தது. கணக்குப் புத்தகத்தில் வரவு செலவு எழுதிய கை, சாதி ஒழிப்பையும் விதவை மறுமணத்தையும் பற்றி எழுதத் தொடங்கியது.

அதே ஆண்டு டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். பினாங்கில் இறங்கி, பல ஊர்களில் பேசிவிட்டுச் சிங்கப்பூர் வந்தார். அவருடைய வருகையைத் தடுக்க முயன்றவர்களும் இருந்தனர். சமூகத்தில் பிளவு உண்டாகும், மதத்துக்குக் கேடு வரும் என்பது அவர்களின் அச்சம். ஆனாலும் கூட்டங்களுக்குத் தொழிலாளர்கள் திரண்டனர். வெவ்வேறு வட்டாரங்களில், வெவ்வேறு வட்டங்களில் தனித்தனியே யோசித்துக்கொண்டிருந்தவர்களுக்கு, தங்களைப் போல இன்னும் பலர் இருக்கின்றனர் என்பது அந்தக் கூட்டங்களில்தான் தெரியவந்தது.

அந்தச் சூட்டில் உருவானதுதான் தமிழர் சீர்திருத்தச் சங்கம். 1932ஆம் ஆண்டில் அமைந்த அச்சங்கத்தில் அ.சி.சுப்பையா, ஓ.இராமசாமி நாடார் போன்றோருடன் சாரங்கபாணியும் முன்னின்று உழைத்தார். சாதி வேற்றுமை ஒழிய வேண்டும், எல்லாத் தமிழரும் கோவிலுக்குள் செல்ல வேண்டும், திருமணங்கள் எளிமையாக நடக்க வேண்டும், விதவைகள் மறுமணம் செய்துகொள்ள வேண்டும், பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று சங்கம் வலியுறுத்தியது. தைப்பூசத்தில் உடலில் அலகு குத்திக்கொள்வதையும் தீமிதியையும் அது கடுமையாகக் கண்டித்தது.

சங்கத்தில் சேர்ந்தவர்களுக்கு அதுவரை அறியாத ஓர் அனுபவம் காத்திருந்தது. எந்தத் தெரு என்று கேட்காத இடம் அது. துறைமுகத் தொழிலாளியும் கடைக் கணக்கரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து பேச முடிந்தது. வாக்குவாதம் செய்ய முடிந்தது. ஒருவரைப் பற்றி அங்கே கேட்கப்பட்டது அவர் என்ன நினைக்கிறார், என்ன செய்வார் என்பதுதான். பிறப்பால் வந்த உறவில் கேட்கப்படாத கேள்விகள் அவை.

முரசு ஒலித்தது

1935ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் தேதி, சீர்திருத்தச் சங்கத்தின் சார்பில் தமிழ் முரசு வார இதழாகப் பிறந்தது. பின்னர் அதன் முழுப் பொறுப்பையும் சாரங்கபாணி தாமே ஏற்றுக்கொண்டார். 1937ஆம் ஆண்டு அது நாளிதழானது.

நாளிதழ் நடத்துவது அன்று லாபம் தரும் தொழிலாக இருக்கவில்லை. வாசகர்களில் பலர் கூலித் தொழிலாளர்கள். எழுத்தறியாதவர்களும் ஏராளம். ஒருவர் வாசிக்க, சுற்றி உட்கார்ந்து மற்றவர்கள் கேட்பது வழக்கம். தாளுக்கும் அச்சு மைக்கும் பணம் தேடுவது அன்றாடப் போராட்டமாக இருந்தது. வசதி படைத்த வணிகர்களின் விளம்பரம் தேவை. ஆனால் அவர்களில் பலர் காத்து வந்த வழக்கங்களைத்தான் முரசு கண்டித்தது. பத்திரிகை நடத்துவோர் யாரையும் பகைத்துக்கொள்ளாமல் இருந்தால் பிழைப்பு சுலபம். சாரங்கபாணி அந்தச் சுலபமான வழியைத் தேர்ந்தெடுக்கவில்லை.

முரசு செய்த பெரிய வேலை, ஒருவரையொருவர் அறியாத தமிழர்களை அறிமுகப்படுத்தியது. ஜொகூர் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டுபவரின் சம்பளப் பிரச்சினையைச் சிராங்கூன் சாலைக் கடைக்காரர் படித்தார். கடற்படைத் தளத் தொழிலாளியின் கடிதத்தைத் தஞ்சோங் பகார் முஸ்லிம் வணிகர் படித்தார். ஊரும் சாதியும் சமயமும் பிரித்து வைத்திருந்தவர்கள் ஒரே பக்கத்தில் சந்தித்தார்கள். ஒரு கணக்கர் தாம் வாழ்ந்த சிறிய வட்டத்தை விட்டு வெளியே வந்தது இப்படித்தான். தம் வட்டத்தைக் கைவிட்டுத் தனிமையில் போய் உட்காராமல், வட்டத்தை எல்லாருக்குமாகப் பெரிதாக்கினார்.

எழுதியதை வாழ்ந்தவர்

மேடையில் சாதி ஒழிப்பைப் பேசிவிட்டு, தம் வீட்டுத் திருமணத்துக்குச் சொந்தத்திலேயே பெண் பார்த்தவர்கள் சீர்திருத்த இயக்கத்திலும் உண்டு. சாரங்கபாணியின் திருமணம் அந்த வகையில் சேராது. அவர் மணந்தது லிம் பூன் நியோ என்ற பெரனாக்கான் சீனப் பெண்ணை.

வேறு சாதியில் மணம் செய்வதே பெருங்குற்றமாகக் கருதப்பட்ட காலம் அது. தமிழ்நாட்டில் சடங்கு இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட அங்கீகாரம் கிடைக்கவே 1967ஆம் ஆண்டு அண்ணாதுரை ஆட்சி வர வேண்டியிருந்தது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, தமிழர்களின் குரலாகத் தம்மை நிறுத்திக்கொண்ட ஒரு பத்திரிகையாளர் இன எல்லையையே கடந்து மணம் செய்தார். தமிழ் உணர்வை ஊட்டுபவர் தமிழ்ப் பெண்ணைத்தானே மணக்க வேண்டும் என்று நினைக்க இடமிருந்தது. சமூகத் தலைவருக்குச் சமூகத்தின் ஒப்புதல் தேவை என்பதும் உண்மை. இரண்டையும் அறிந்தே அவர் எடுத்த முடிவு அது.

அந்தத் திருமணம் அவரைத் தமிழிலிருந்து விலக்கிவிடவில்லை. அவருடைய பெரும்பணிகள் பலவும் அதற்குப் பிறகு நடந்தவைதான். தமிழரல்லாத ஒருவருடன் வீடு கட்டிக்கொண்டு, தமிழுக்காக வாழ்நாளைச் செலவிட முடியும் என்பதை அவர் வாழ்ந்து காட்டினார். பல இனச் சிங்கப்பூர் என்ற சொல் அரசியல் மேடைகளுக்கு வருமுன்பே அவருடைய வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அது நடைமுறையாகிவிட்டது.

போருக்குப் பிறகு

1942ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. முரசின் ஒலி நின்றது. மூன்றரை ஆண்டுகள் கழித்துப் போர் முடிந்தபின் இதழ் மீண்டும் வந்தது. 1946ஆம் ஆண்டில் சாரங்கபாணி இந்தியன் டெய்லி மெயில் என்ற ஆங்கில நாளிதழையும் தொடங்கினார். பத்தாண்டுகள் அதை நடத்தினார்.

அதன் தேவை அன்றைய நிலைமையைப் பார்த்தால் புரியும். ஆங்கிலம் படித்து அலுவலகங்களில் வேலை பார்த்த இந்தியர்கள் ஒரு தனி வகுப்பாக இருந்தனர். தமிழ் மட்டும் அறிந்த தொழிலாளர்களோடு அவர்களுக்குப் பேச்சு வார்த்தை குறைவு. சந்தித்தால் வணக்கம் சொல்லிக்கொள்வார்கள். அதற்குமேல் எதுவும் இராது. சாதி போட்ட சுவருக்குப் பக்கத்தில் படிப்பும் ஒரு சுவர் போட்டிருந்தது. இரண்டு மொழியிலும் எழுதக்கூடிய சாரங்கபாணி இரண்டு பக்கமும் போய் வந்தார்.

இதற்கிடையே தமிழகத்தில் 1944ஆம் ஆண்டு உருவான திராவிடர் கழகம் இங்கும் வேரூன்றியது. கடவுள் மறுப்பை முதன்மையாகப் பேசியவர்களின் வழியும், தமிழர் எல்லாரையும் ஒரு குடையின்கீழ்ச் சேர்க்க விரும்பிய சாரங்கபாணியின் வழியும் எப்போதும் ஒன்றாகச் செல்லவில்லை. இந்த இடத்தில்தான் அவர் வாழ்க்கையின் முக்கியத் திருப்பம் நிகழ்ந்தது.

பழைய வட்டத்தை உடைத்து வந்தவர்கள் புதியதொரு வட்டம் போட்டுக்கொண்டு அதற்குள் அடைந்துவிடுவது எங்கும் நடப்பது. முன்பு எந்தத் தெரு என்று கேட்டவர்கள் இப்போது எந்தக் கொள்கை என்று கேட்கத் தொடங்குவார்கள். பதில் பொருந்தாவிட்டால் பழையபடி முகம் திருப்பல்தான். சாரங்கபாணி தம் கருத்துகளைக் கைவிடவில்லை. ஆனால் கோவிலுக்குப் போகிறவரைத் தமிழர் இல்லை என்று தள்ளிவிட்டு எந்த ஒற்றுமையையும் கட்ட முடியாது என்பதை அவர் கண்டுகொண்டார்.

தமிழர் திருநாள்

1951ஆம் ஆண்டு பல தமிழ் அமைப்புகளை ஒன்றிணைத்துத் தமிழர் பிரதிநிதித்துவ சபை உருவானது. அதன் முன்னணியில் இருந்தவர் சாரங்கபாணி. 1952ஆம் ஆண்டு ஜனவரியில், பொங்கலை ஒட்டித் தமிழர் திருநாள் முதன்முறையாகக் கொண்டாடப்பட்டது.

தீபாவளி இந்துக்களுடையது. நோன்புப் பெருநாள் முஸ்லிம்களுடையது. கிறிஸ்துமஸ் கிறிஸ்தவர்களுடையது. தமிழர் என்ற முறையில் எல்லாரும் சேர்ந்து கொண்டாட ஒரு நாள் இல்லை. அறுவடைத் திருநாளான பொங்கலை மையமாக வைத்துப் பேச்சுப் போட்டி, கலை நிகழ்ச்சி, விளையாட்டு, இலக்கியச் சொற்பொழிவு என்று திருநாள் அமைந்தது. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவத் தமிழர்கள் ஒரே மேடையில் ஏறினர். கடவுளை நம்புபவரும் மறுப்பவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தனர். இந்தக் கொண்டாட்டம் மலாயாவுக்கும் பரவியது.

இருபது ஆண்டுகளுக்கு முன்பு சடங்குகளை எதிர்த்துச் சாடிய இளைஞரா இவர் என்று பழைய தோழர்கள் சிலருக்குத் தோன்றியிருக்கலாம். ஆனால் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். பிறந்த குலத்தைக் கேட்டு ஒருவரை ஒதுக்குவது தவறென்றால், கும்பிடும் தெய்வத்தைக் கேட்டு ஒதுக்குவதும் தவறுதான்.

ஆளுக்கு ஒரு வெள்ளி

1950களின் நடுவில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை தொடங்கும் திட்டம் வந்தது. பல்கலைக்கழகம் அப்போது சிங்கப்பூரில் இருந்தது. அத்துறையில் சமஸ்கிருதத்துக்கு முதன்மை தரப்படும் என்ற நிலை தெரியவந்தது. இந்த வட்டாரத்து இந்தியர்களில் பெரும்பாலோர் பேசும் மொழி தமிழாக இருக்கும்போது, தமிழுக்குத்தான் அந்த இடம் என்று முரசு வாதாடியது.

வாதத்தோடு சாரங்கபாணி நிற்கவில்லை. தமிழ் எங்கள் உயிர் என்ற பெயரில் நிதி திரட்டத் தொடங்கினார். பல்கலைக்கழக நூலகத்துக்குத் தமிழ் நூல்கள் வாங்குவதற்கான நிதி அது. ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். பெரிய செல்வர்கள் சிலரிடம் பெருந்தொகை வாங்கியிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். ஒரு வெள்ளி என்பது தோட்டத் தொழிலாளியும் தரக்கூடிய தொகை. தம் பிள்ளை பல்கலைக்கழக வாசலை மிதிப்பான் என்று நினைத்துக்கூடப் பார்க்காத மனிதர்களும் அந்த ஒரு வெள்ளியைத் தந்தனர்.

1956ஆம் ஆண்டு இந்திய இயல் துறை தமிழைப் பாடமொழியாகக் கொண்டு தொடங்கியது. பின்னர் அது கோலாலம்பூருக்கு மாறியது. இன்றும் மலாயாப் பல்கலைக்கழகத்தில் அத்துறை இயங்கி வருகிறது. சிங்கப்பூரில் தமிழ் அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்றாக நிலைபெற்றதற்கும், அந்தக் காலத்தில் தமிழர்கள் ஒரே குரலில் பேசக் கற்றுக்கொண்டது துணைநின்றது.

ஊரா, நாடா?

தமிழர்கள் இந்த மண்ணோடு வைத்திருந்த உறவும் அப்போது மேலோட்டமானதாகவே இருந்தது. உழைக்க ஓர் இடம், வாழ வேறோர் இடம் என்பது பலரின் எண்ணம். இருபது, முப்பது ஆண்டுகள் இங்கேயே கழித்தவர்களும் ஊருக்குத் திரும்பிப்போவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தனர்.

1957ஆம் ஆண்டு சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் வந்தபோது சாரங்கபாணி அதன் முக்கியத்துவத்தை உடனே உணர்ந்தார். குடியுரிமை பெறுங்கள் என்று முரசு மீண்டும் மீண்டும் எழுதியது. குடியுரிமை எடுத்தால் ஊரிலுள்ள நிலபுலன் போய்விடுமோ, திரும்பிப் போக முடியாதோ என்ற பயம் பலருக்கு இருந்தது. படிவத்தை நிரப்பத் தெரியாதவர்களும் இருந்தனர். தமிழர் பிரதிநிதித்துவ சபை வழியாக அவர்களுக்கு உதவி கிடைக்க ஏற்பாடு செய்தார்.

இந்த முயற்சியின் பலன் சில ஆண்டுகளில் தெரிந்தது. 1965ஆம் ஆண்டு சிங்கப்பூர் தனி நாடானது. அடுத்து வந்த ஆண்டுகளில் வேலைக்கும் வீட்டுக்கும் குடியுரிமை எவ்வளவு முக்கியம் என்பது எல்லாருக்கும் புரிந்தது. பிரிட்டிஷ் படைகள் வெளியேறியதால் கடற்படைத் தளத்தில் வேலையிழந்து, குடும்பத்தோடு கப்பலேறித் திரும்பியவர்கள் பலர். குடியுரிமைப் படிவத்தை முன்பே நிரப்பியிருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஈசூனிலும் உட்லண்ட்சிலும் வீவக வீடுகளில் வாழ்கிறார்கள்.

அடுத்த தலைமுறையின் கைப்பிடித்து

1950களில் தமிழ் முரசில் மாணவர் மணிமன்றம் என்ற பகுதி வந்தது. பள்ளிப் பிள்ளைகள் எழுதிய கவிதை, கட்டுரை, கதைகளை அது வெளியிட்டது. அச்சில் தம் பெயரை முதன்முறையாகப் பார்த்த பிள்ளைகள் பலர் பின்னாளில் ஆசிரியர்களாகவும் எழுத்தாளர்களாகவும் வானொலி, பத்திரிகைத் துறையினராகவும் உருவாயினர். சிங்கப்பூர், மலேசியத் தமிழ் இலக்கியத்தின் ஒரு தலைமுறையே அந்தப் பக்கத்தில் கைப்பழகியது என்றால் மிகையில்லை.

வெவ்வேறு பள்ளிகளில், வெவ்வேறு ஊர்களில் இருந்த பிள்ளைகள் ஒருவர் எழுத்தை மற்றவர் படித்து நண்பர்களானார்கள். பெயரோடு சாதிப் பட்டம் ஒட்டிக்கொண்டிராத நட்பு அது. அப்பன் பாட்டன் சொல்லிக் கொடுத்த கேள்வியைக் கேட்காமலே வளர்ந்த முதல் தலைமுறை என்று அவர்களைச் சொல்லலாம்.

கசப்பும் உண்டு

சாரங்கபாணியின் வாழ்க்கை வெற்றிகளின் வரிசையாக மட்டும் இருக்கவில்லை. இந்தியன் டெய்லி மெயில் 1956ஆம் ஆண்டு நின்றுபோனது. 1963ஆம் ஆண்டு தமிழ் முரசிலேயே ஊழியர்கள் வேலை நிறுத்தம் செய்தனர். நாளிதழ் ஏறத்தாழ ஓராண்டு வெளிவரவில்லை. தொழிலாளர்களின் உரிமையைப் பல்லாண்டுகள் எழுதிய பத்திரிகையின் தொழிலாளர்களே வாசலில் நின்றது அவருக்கு எளிதான காலமாக இருந்திருக்க முடியாது. ஆழமான உறவுகளுக்கும் உரசல் உண்டு. கொள்கையால் சேர்ந்தவர்களுக்கிடையிலும் சம்பளம் ஒரு நிஜமான பிரச்சினைதான்.

1964ஆம் ஆண்டு முரசு மீண்டும் வந்தது. போட்டி கூடியிருந்தது. அவரும் அறுபதைக் கடந்திருந்தார். ஆனாலும் நாளிதழைக் கைவிடவில்லை. 1974ஆம் ஆண்டு மார்ச் மாதம், எழுபது வயதில் சாரங்கபாணி காலமானார். அவருக்குப்பின் மகன் ஜெயராம் சாரங்கபாணி இதழைத் தொடர்ந்து நடத்தினார். தமிழ்த் தந்தைக்கும் சீனத் தாய்க்கும் பிறந்தவர் தமிழ் நாளிதழைக் காப்பாற்றினார் என்பது அந்தக் குடும்பத்தின் கதையை முழுமையாக்குகிறது. 1995ஆம் ஆண்டு நாளிதழ் சிங்கப்பூர் பிரஸ் ஹோல்டிங்ஸ் நிறுவனத்திடம் சென்றது. 2025ஆம் ஆண்டு அதற்கு 90 வயது நிறைந்தது. சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகம் அவருடைய பட்டப்பெயரில் தமிழவேள் விருதை வழங்கி வருகிறது.

இன்றைய சிராங்கூன் சாலையில்

ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காவில் நின்று பார்த்தால், நூறு ஆண்டுகளுக்கு முந்தைய காட்சி முற்றிலும் மறைந்துவிடவில்லை என்பது தெரியும். ஊருக்கொரு குழுவாக ஊழியர்கள் திடலில் உட்கார்ந்து பேசுகிறார்கள். குடியிருப்புப் பேட்டைகளில் வாழும் குடும்பங்களுக்கு வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன. பிறந்தநாளுக்கு வாழ்த்து, பண்டிகைக்குப் படம், திருமணத்துக்கு மொய் எல்லாம் தவறாமல் நடக்கின்றன. இவற்றில் தவறேதும் இல்லை. ஆனால் மாறுபட்ட கருத்தொன்றைச் சொன்னாலோ, பிள்ளை வேறு இனத்தில் துணை தேடினாலோ எத்தனை வாழ்த்துகள் மிஞ்சும் என்பது ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

சாரங்கபாணி உறவுகளை அறுத்தெறிந்தவர் அல்லர். தம் இனத்தையும் மொழியையும் விட்டு ஓடியவரும் அல்லர். நிபந்தனையோடு வந்த பாசம் தமக்குப் போதவில்லை என்று உணர்ந்தபோது, நிபந்தனை குறைந்த இடங்களை ஒவ்வொன்றாக உருவாக்கினார். ஒரு சங்கம், ஒரு பத்திரிகை, ஒரு குடும்பம், ஒரு திருநாள், மாணவர்களுக்கு ஒரு பக்கம். அவை ஒவ்வொன்றிலும் முன்பின் தெரியாதவர்கள் வந்து உட்கார இடமிருந்தது.

இன்று தமிழர் இருவர் சிங்கப்பூரில் சந்தித்தால் எந்த ஊர் என்ற கேள்விக்கு ஈசூன், பொங்கோல், ஜூரோங் என்று பதில் வருகிறது. அதற்கடுத்து எந்தத் தெரு என்று கேட்டாலும் அது வழி விசாரிக்கத்தான்.